முடிவை முதலில் வாசித்தவள்

துப்பறியும் நாவலின் கடைசி அத்தியாயத்தை முதலில் புரட்டிப் பார்க்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. அது எழுதியவருக்குச் செய்கிற துரோகம் என்று நினைத்திருந்தேன். ஒருவர் மாதக்கணக்காக யோசித்து ஒளித்து வைத்ததைப் பொறுமையில்லாத ஒரு விரல் ஒரு நொடியில் கெடுத்துவிடுகிறது. இதைப் பக்கத்து வீட்டு ரீச்சரிடம் சொன்னபோது, அவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "நீர் புத்தகம் வாசிக்கேல்லை, சோதினை எழுதுறீர்," என்றார்.

கொக்குவிலில் எங்கள் வளவுக்கும் ரீச்சரின் வளவுக்கும் நடுவே ஒரு மதில் இருக்கிறது. மதிலின் பின்பக்கத்தில் ஓராள் மட்டும் நுழையக்கூடிய சின்னக் கேற். ரீச்சர் மெதடிஸ்ற் குடும்பம். மிஷன் பள்ளிக்கூடமொன்றில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கலியாணம் செய்யவில்லை. ஒரே தம்பி கனடாவில். நான் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவள். மகள் கொழும்பில் இருப்பதால் வீட்டில் நானும் கணவரும்தான். அவருக்குச் சுன்னாகத்தில் தகப்பன் வழித் தோட்டக்காணி உண்டு. மத்தியானம் சாப்பிட்டதும் வெங்காயத்துக்குத் தண்ணி கட்ட மோட்டார் சைக்கிளில் போனாரென்றால் பொழுதுபடத்தான் திரும்புவார். அவர் வாசிப்பது பத்திரிகையின் மரண அறிவித்தல்களை மட்டும்.

ஆகவே புத்தகம் கதைக்க எனக்கு ரீச்சர், ரீச்சருக்கு நான். அவர் வீட்டு முன்னறையில் கண்ணாடி அலுமாரி ஒன்று. மேல் இரண்டு தட்டிலும் பழைய ஆங்கிலத் துப்பறியும் நாவல்கள். அதற்குக் கீழே இந்தியாவிலிருந்து வந்த தமிழ் மாத நாவல்கள். அடித்தட்டில் பேய்க்கதைகள். யுத்த கால இடப்பெயர்வில் எல்லாவற்றையும் இழந்த பிறகு, திரும்பி வந்து ஒவ்வொன்றாக மறுபடி சேர்த்தவை.

என் கட்சி ஆங்கிலத் துப்பறியும் நாவல். பெரிய வீடு, வெளியே மழை, உள்ளே பத்துப் பேர், பத்துப் பேருக்கும் ஒவ்வொரு காரணம். நல்ல எழுத்தாளர் எதையும் ஒளிப்பதில்லை. தடயத்தை மேசையில் வைத்துவிட்டு எங்களை யன்னல் பக்கம் பார்க்க வைப்பார். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். தமிழ் மாத நாவல்களில் முதல் பக்கம் மாதிரி உலகத்தில் எங்கும் கிடையாது. ஆனால் கொலையாளி கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில்தான் விமானத்தில் வந்து இறங்குவார். அது எனக்கு ஆகாது. சரித்திர நாவல்களில் ஆட்கள் மாறுவேடம் போடும் இடங்களை மட்டும் வாசித்துவிட்டு, அருவி வர்ணனைகளைத் தாண்டிவிடுவேன்.

ஆங்கிலக் கதைகளிலும் ஒரு குறை உண்டு. கொலை நடந்த வீட்டில் ஒருவரும் அழுவதில்லை. எங்கள் ஊர்ச் செத்த வீட்டுக்கு அந்தத் துப்பறிவாளரைக் கொண்டுவந்தால் ஒன்றும் செய்ய மாட்டார். வந்தவர்கள் கதிரைகளை இழுத்துப் போட்டு, நிலத்தைக் கழுவி, தேத்தண்ணி வைத்து, செத்தவரின் அறையையும் ஒதுக்கி முடித்திருப்பார்கள். தடயமெல்லாம் கழுவின தண்ணியோடு தென்னைக்கு அடியில் போயிருக்கும்.

நானும் ரீச்சரும் உண்மையாகச் சண்டை பிடித்தது ஒரு விஷயத்துக்குத்தான். கதை சொல்கிறவரே கொலையாளி என்று முடிகிற நாவல்கள் இருக்கின்றனவே, அவற்றை நான் கள்ள விளையாட்டு என்பேன். தன் கை செய்தது தனக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தும் சொல்லாமல் விட்டால் அது பொய். ரீச்சர் மறுப்பார். "மனிசருக்குத் தங்களைப் பற்றி என்ன தெரியும்? பேய்க்கதை வாசியும். அதிலை வாறது முழுக்க உதுதான்," என்பார். பேய்க்கதையை நான் தொட்டதில்லை.

ஒரு மாரி காலத்தில் ரீச்சருக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன சில நாட்களில் போய்விட்டார். தம்பியார் வந்து அடக்கம் செய்துவிட்டு, வீட்டை என்ன செய்வதென்று தெரியாமல் பூட்டிவிட்டுப் போனார். போகுமுன் முன்னறை மூலையில் ஒரு கமராவைப் பொருத்தினார். கனடாவிலிருந்தபடி போனில் பார்க்கலாமாம். பின்கதவுப் பூட்டின் திறப்பை என்னிடம் தந்து, "அக்கா, சனிக்கிழமையிலை ஒருக்கால் கூட்டி விட்டால் காணும். புத்தகங்களை நீங்களே எடுத்து வாசியுங்கோ," என்றார். திறப்பைக் குசினிச் சுவரில் ஆணியடித்துக் கொழுவினேன்.

சனிக்கிழமைகளில் கூட்டிவிட்டு ஒரு புத்தகம் எடுத்து வருவேன். அப்போதுதான் எனக்கு ஒரு திறமை வந்தது. கொலையாளியை வெகு சீக்கிரமாகவே கண்டுபிடிக்கத் தொடங்கினேன். முன்பெல்லாம் பாதிக்கு மேல் போனாலும் பிழையான ஆளைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் நான். இப்போது ஒரு ஆள் கதவைத் திறந்து உள்ளே வந்து தொப்பியைக் கழற்றியதுமே, இவர்தான் என்று மனம் சொல்லும். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் முடிவில் அவராகவே இருப்பார்.

ஒருநாள் கணவரிடம் பெருமையடித்தேன். "இந்தப் புத்தகத்திலை இன்னும் கொலையே நடக்கேல்லை. எனக்கு ஆளைத் தெரிஞ்சு போச்சு."

"அப்ப பொலிசுக்குப் போன் பண்ணும்," என்றார் அவர்.

ஓய்வுபெற்ற பிறகும் மூளை கூர்மையாகிறது என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. ரீச்சர் இல்லையே, காட்டியிருக்கலாமே என்று கூட நினைத்தேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, நான் அலுமாரியில் வைத்த புத்தகம் ரீச்சரின் சாய்மனைக் கதிரையில் கவிழ்ந்து கிடந்தது. மறந்துபோய் வைத்திருப்பேன் என்று எடுத்து வைத்தேன். அடுத்த சனிக்கிழமை வேறொரு புத்தகம், அதே கதிரையில். கதிரை மெத்தையில் ஆள் இருந்த பள்ளம். அலுமாரிக் கண்ணாடியில் விரல் அடையாளம். முன்கதவு, யன்னல்கள் எல்லாம் உள்ளே பூட்டியபடி. பின்கதவில் ஆமைப்பூட்டு அப்படியே தொங்கியது. ரீச்சரின் வெள்ளிக் கரண்டிகள் மேசை லாச்சியில் ஒன்றும் குறையாமல் இருந்தன. எதையும் எடுக்காத கள்ளன், வந்து இருந்து வாசித்துவிட்டுப் போகிறான்.

கணவரிடம் சொன்னேன். அவர் வந்து கூரை ஓடுவரை பார்த்தார். "ரீச்சர் காலத்திலை வேறை ஆரிட்டையும் திறப்பு இருந்திருக்கும்," என்று சொல்லிச் சுன்னாகத்தில் புதுப் பூட்டு வாங்கி வந்து போட்டார். ஒரு திறப்பு அவருடைய கோர்வையில். மற்றது என் ஆணியில்.

புதுப் பூட்டுக்குப் பிறகும் புத்தகம் கதிரையில் கிடந்தது.

அன்று வீட்டுக்குள் நின்றபோது முதல் தடவையாகப் பயந்தேன். வெளியே வெயில் கொளுத்தியது. தூரத்தில் ரயில் போகிற சத்தம் கேட்டது. எல்லாம் சாதாரணமாக இருந்தன; அந்தக் கதிரை மட்டும் இப்போதுதான் ஆள் எழும்பிப் போனது போல இருந்தது. கையை மெத்தையில் வைத்துப் பார்க்க நினைத்தேன். வைக்கவில்லை. பேய்க்கதைகள் இருந்த அடித்தட்டை நான் பார்க்காமலே வெளியே வந்தேன்.

ஆனால் நான் துப்பறியும் கட்சிக்காரி. பேய் என்று சொல்வது யோசிக்கப் பஞ்சிப்படுகிற சோம்பேறிகளின் விடை. அடுத்தநாள் முகத்துக்குப் பூசும் பவுடரைக் கொண்டுபோய்ப் பின்கதவு உட்பக்கம் சிவப்புச் சீமெந்துத் தரையில் மெல்லியதாகத் தூவிவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது அதில் காலடி இருந்தது. செருப்பில்லாத, அவ்வளவு பெரிதில்லாத, பெண்ணின் கால். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக என் செருப்பைக் கழற்றி, அந்த அடிக்குப் பக்கத்தில் என் காலை வைத்தேன். ஏறத்தாழ என்னளவு கால் உள்ள ஒருத்தி. வீடு தெரிந்தவள். அவசரமில்லாதவள். வாசிக்கப் பிடித்தவள். இவ்வளவும் கண்டுபிடித்துவிட்டேன் என்று மனதுக்குள் கொஞ்சம் பெருமையும் புளுகமும் கூட வந்தன. அதற்கு மேல் ஒரு அடி போக எனக்குத் தோன்றவேயில்லை.

கமரா ஞாபகம் வந்தது அன்று பின்னேரம்தான். கனடாவில் அப்போது விடிகிற நேரம். தம்பியாருக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, ரீச்சர் வீட்டுக்குள்ளை ஆரோ வந்து போகினம். கமராவிலை ஏதும் பாத்தனீங்களோ?"

"இல்லையே அக்கா. உங்களைத் தவிர ஒருத்தரும் வாறேல்லை."

"நான் சனிக்கிழமையிலை மட்டும்தானே வாறனான். இந்தப் பவுடர் போட வந்ததைத் தவிர."

மறுபக்கத்தில் கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா," என்றார் மெதுவாக, "நீங்கள் பின்னேரத்திலை வந்து வாசிக்கிறனீங்கள்தானே. நான் வேலைக்கு வெளிக்கிட முன்னம் கோப்பி குடிச்சுக் கொண்டு பாக்கிறனான். உங்களை ஒண்டும் கேக்கேல்லை. என்ரை அக்காவின்ரை கதிரையிலை ஆரோ இருக்கினம் எண்டது எனக்கு ஒரு ஆறுதல். ஒருநாள் நிமிந்து பாத்து எனக்குக் கை கூடக் காட்டினீங்கள்."

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சரி தம்பி, அதைக் கொஞ்சம் அனுப்பிவிடுங்கோ என்று ஏதோ சொல்லியிருப்பேன்.

வீடியோ வந்தது. குசினிக் கதவடியில் நின்றபடியே போட்டுப் பார்த்தேன். ரீச்சரின் முன்னறை, மேலேயிருந்து. ஒரு பெண் வருகிறாள். என் வீட்டுச் சட்டை. மத்தியான நித்திரையில் குலைந்த தலைமயிர். என் கண்ணாடி. அலுமாரியைத் திறந்து, தேடாமலே ஒரு புத்தகத்தை எடுக்கிறாள். சாய்மனைக் கதிரையில் ஒரு காலை மடக்கி, அதன்மேல் இருக்கிறாள். முழங்கால் வலியால் நான் அப்படி இருந்து பல வருடம். புத்தகத்தைப் பின்பக்கமாகத் திறக்கிறாள். கடைசி அத்தியாயத்தை வாசிக்கிறாள். முடித்துவிட்டு ஒருமுறை கண்ணை மூடித் திறக்கிறாள். பிறகு முதல் பக்கத்துக்குப் போகிறாள்.

போனைக் கவிழ்த்து வைத்தேன். பயம் என்று சொன்னால் போதாது. கூட்டத்தில் யாரோ என் குரலில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது. கதை சொல்கிறவரே ஆள் என்று முடிகிற அந்த நாவல்களை எவ்வளவு திட்டியிருப்பேன்.

கணவர் தோட்டத்தால் வந்ததும் காட்டினேன். இரண்டு தரம் பார்த்தார். "உது நீர்தானே. உதிலை என்ன?" என்றார். எனக்கு இதெல்லாம் நினைவிலேயே இல்லை என்று சொன்னபோதுதான் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் இருந்தார்.

யாழ்ப்பாணத்தில் நரம்பு வைத்தியர் ஒருவரிடம் காட்டினோம். மகளின் வயதிருக்கும் அவருக்கு. வீடியோவைப் பார்த்தார், தலையில் வயர்கள் ஒட்டிச் சோதித்தார், நித்திரையைப் பற்றி நிறையக் கேட்டார். பிறகு விளங்கப்படுத்தினார். இதுவும் ஒரு வகை வலிப்புத்தான். ஆனால் கைகால் இழுக்காது, விழுத்தாது. நித்திரையால் எழும்பும்போது வரும். அந்த நேரத்தில் ஆள் நடப்பார், கதைப்பார், வாசிப்பார். மூளை அதைப் பதிவு செய்யாது. அவ்வளவுதான்.

"அப்ப அது ஆர் டொக்டர்?" என்று கேட்டேன்.

"நீங்கள்தான் அம்மா. வேறை ஆரும் இல்லை."

"நான் புத்தகத்தைப் பின்னாலை திறக்கிற ஆளில்லை."

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது. கொலையாளியை முன்கூட்டியே தெரிந்துகொண்ட கதையையும் சொன்னேன். "பதியாமல் போறதிலையும் சிலது எங்கையாவது தங்கும்," என்றார். "ஆனால் ஏன் எண்டு எங்களுக்கும் முழுக்கத் தெரியாது."

குளிசை தந்தார். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நான் வாசித்த புத்தகங்களை ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டு வந்தேன். எது என் திறமை, எது அவள் வாசித்துவிட்டு எனக்குக் கசியவிட்டது என்று பிரிக்க முடியவில்லை. பெருமைப்பட்ட அத்தனையும் என் கையை விட்டுப் போயின. நோயென்று கேட்டதை விட அதுதான் எனக்கு அன்று நொந்தது. வெட்கமாக இருந்தாலும் உண்மை அது.

சில நாட்கள் கழிந்த பிறகு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கணவர் சொன்னார்:

"பூட்டு மாத்தின பிறகு ஒருநாள் நான் உம்மை அங்கை கண்டனான்."

"எங்கை?"

"ரீச்சர் வீட்டிலை. தண்ணி மெசின் பழுதாப் போய் வெள்ளண்ணவே திரும்பி வந்திட்டன். உம்மைக் காணேல்லை, சின்னக் கேற் திறந்து கிடந்தது. வந்து பாத்தால் இருந்து வாசிக்கிறீர். நான் வாசல்லை நிண்டு கதைச்சனான்."

"என்ன கதைச்சனாங்கள்?"

"கடைசிப் பக்கத்திலை நிண்டீர். உமக்குத்தானே அது பிடிக்காது, அதுதான் ஏன் முடிவை முதல்லை வாசிக்கிறீர் எண்டு கேட்டன்." அவர் யோசித்து, சொல் பிசகாமல் சொல்ல முயன்றார். "கொலை செய்தது ஆரெண்டு முதல்லை தெரிஞ்சால்தான் மற்ற ஆக்களைப் பயமில்லாமல் பாக்கலாம் எண்டு சொன்னீர்."

"நான் சொன்னனானோ?"

"ஓம். வடிவாத்தான் சொன்னீர். எனக்கு வித்தியாசம் ஒண்டும் தெரியேல்லை." பிறகு, "வழக்கத்தை விட அமைதியா இருந்தீர்," என்றார்.

கலியாணம் செய்து இவ்வளவு காலத்தில் நான் எந்த நாவலைப் பற்றிச் சொன்னதையும் அவர் ஞாபகம் வைத்திருந்ததில்லை. இதை வைத்திருக்கிறார். அவள் சொன்னதை.

அந்த ஒரு வசனத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. கடைசியில் ஒருநாள் முழு விழிப்போடு ரீச்சர் வீட்டுக்குப் போய், நான் இதுவரை தொடாத ஒரு நாவலை எடுத்து வேண்டுமென்றே கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். களவெடுப்பது போலத்தான் இருந்தது. பிறகு முதலிலிருந்து தொடங்கினேன். கொலையாளி விருந்தாளிகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும் இடம் வந்தது. வழக்கமாக நான் அந்த இடத்தில் கோப்பைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். இம்முறை அந்த மனுசியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரித்துக் கதைக்கிற மேசையில் அவளோடு கதைக்க ஒருவருமில்லை. அத்தனை பக்கமும் அவள் தனியாகவே நடமாடுகிறாள். மற்றவர்கள், சந்தேகத்துக்காக எழுதப்பட்ட அந்தப் பாவங்கள், ஒரு குற்றமும் செய்யாமல் வெறுமனே மனிதர்களாக இருந்தார்கள். நான் இத்தனை வருடம் எல்லோரையும் கள்ளர் என்று பார்த்தே வாசித்திருக்கிறேன்.

சரி என்று ஒத்துக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். தடயங்களை வரிசையாக அடுக்கி முடிவுக்கு வருவதில் உள்ள சுகம் வேறு. இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான் வாசிக்கிறேன். ஆனால் இன்னொரு மாதிரியும் வாசிக்கலாம் என்பதை நானே எனக்குக் காட்டித் தந்திருக்கிறேன். அந்த நன்றியை யாருக்குச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

குளிசை தொடங்கிய பிறகு அவள் வரவில்லை. தம்பியார் அங்கிருந்து பார்த்துச் சொல்வார்: "அக்கா, இந்தக் கிழமையும் கதிரை வெறுமனேதான் கிடக்குது." சந்தோசமாகச் சொல்கிறாரா கவலையாகச் சொல்கிறாரா என்று விளங்காது. கமராவைக் கழற்றட்டோ என்று ஒருமுறை கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

வைத்தியர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். மத்தியான நித்திரையால் எழும்பியதும் பக்கத்திலிருப்பவர் ஏதாவது கேள்வி கேட்க வேண்டும். கணவர் அதற்காகவே இப்போது சுணங்கித்தான் தோட்டத்துக்குப் போகிறார். நான் எழும்பும்வரை கட்டிலடியில் கதிரை போட்டு இருப்பார். கண் திறந்ததும் கேட்பார். நேற்று என்ன கறி. மகள் எப்போது வருகிறாள். அச்சுவேலியில் இருக்கும் என் சித்தியின் வீட்டுக்கு எந்தப் பஸ்ஸில் போவது. நான் சரியாகச் சொல்வேன். அவர் தலையை ஆட்டிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுப்பார்.

சரியாகச் சொல்வதில் ஒன்றுமில்லை என்பது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. அவளும் சரியாகத்தான் சொல்வாள். அவளுக்கும் அந்தப் பஸ் தெரியும். பதில் சொன்னது யார் என்பதை அந்த நேரத்தில் அவராலும் கண்டுபிடிக்க முடியாது, என்னாலும் முடியாது. பின்னேரம், கேள்வி என் ஞாபகத்தில் இருந்தால்தான் பதில் சொன்னது நான்.

அதனால் இப்போது ஒரு வழக்கம் வந்துவிட்டது. பொழுதுபட அவருடைய மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் திரும்பும் சத்தம் கேட்டதும் நான் கேற்றடிக்குப் போய்விடுவேன். அவர் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, காலை ஊன்றிக்கொண்டு காத்திருப்பார்.

"சந்தையிலை வெங்காயம் என்ன விலை போகுது எண்டு கேட்டனீங்கள்," என்பேன்.

"ஓம்," என்று சொல்லி இறங்கி, மோட்டார் சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வருவார்.